ரிப்போர்ட்டில் பூஜ்யம்: காளான் ஷெட்டை மூட வேண்டுமா?

கேள்வி: டாக்டர் ஐயா, நாங்கள் ஏற்காடு மலையில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்துக்கு வந்த மெடிக்கல் கேம்ப்பில் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மண்ணீரல் பெரிதாக இருக்கிறது, கீழே போய்க் காட்டுங்கள் என்றார்கள். சேலத்தில் ஸ்கேன் எடுத்ததில் மண்ணீரல் நன்றாகவே பெருத்திருக்கிறது, கல்லீரலும் கொஞ்சம். ஹீமோகுளோபின் 8.9, பிளேட்லெட் 92 ஆயிரம். ராத்திரியில் கால் வலிக்கிறது என்று அழுவாள், வளருகிற பிள்ளை என்று விட்டுவிட்டோம். டாக்டர் எழுதிக்கொடுத்த டெஸ்ட்டுகளில் கைட்டோட்ரையோசிடேஸ் என்று ஒன்று. அதில் 0 என்று வந்திருக்கிறது. "இது ஏறினால்தான் கோஷே நோய், பூஜ்யம்னா நல்லதுதான்" என்று லேப்பில் இருந்த தம்பி சொன்னார். ஆனால் என் சின்ன மாமா நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு, இது பூஞ்சையை வெட்டுகிற நொதி, இது இல்லாத பிள்ளையைக் காளான் ஷெட் இருக்கிற வீட்டில் வைத்திருக்கக் கூடாது, ஷெட்டை மூடு என்கிறார். எங்கள் பிழைப்பே அந்தச் சிப்பிக் காளான் ஷெட்தான். அவரே ஒரு கைட்டோசான் மாத்திரையையும் ஆர்டர் போடச் சொல்கிறார். பிள்ளைக்குக் காளான், இறால் கொடுக்கலாமா? என் கணவர் எனக்குச் சொந்தத் தாய்மாமன். மூன்று வயதில் ஒரு மகனும் இருக்கிறான். இன்னொன்று, கணவருக்கு ஷெட்டில் நாள் முழுக்க வேலை பார்த்த அன்று ராத்திரி குளிர் காய்ச்சலும் வறட்டு இருமலும் வருகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: அம்மா, முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு பொறுமையாகப் படியுங்கள். லேப் தம்பி சொன்னது தவறு. கோஷே என்பது உடம்பில் ஒருவகைக் கொழுப்பு தேங்கி மண்ணீரலைப் பெருக்கவைக்கும் பரம்பரை நோய். இந்தப் பூஜ்யத்தை வைத்து உங்கள் மகளுக்கு அது இல்லை என்று சொல்லவே முடியாது. சின்ன மாமா சொன்னதில் நொதியைப் பற்றிய பாதி சரி, அதிலிருந்து அவர் எடுத்த முடிவு சரியில்லை. மாத்திரை வேண்டாம். ஷெட்டை உங்கள் மகளுக்காக மூட வேண்டியதில்லை, ஆனால் உங்கள் கணவருக்காக அதில் சில மாற்றங்கள் உடனே தேவை. மகளுக்கு இன்னொரு ரத்தப் பரிசோதனை பாக்கி இருக்கிறது, அதைத் தள்ளிப்போடக் கூடாது. நான் ரத்தத்தைப் பார்க்கிற டாக்டர், பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர் இல்லை. அதனால் கீழே எழுதுவதை எடுத்துக்கொண்டு உங்கள் குழந்தை டாக்டரிடமே போங்கள், அவர் அந்த டெஸ்ட்டை எழுதியதே சரியான திசையில் யோசித்ததால்தான்.

சரி, இந்த நொதி என்ன செய்கிறது? நண்டு ஓடு, இறால் தோடு, வண்டின் இறக்கை, பட்டுப்பூச்சியின் செதில், காளானின் செல்சுவர், இவற்றுக்கெல்லாம் விறைப்பைக் கொடுப்பது கைட்டின். குளுக்கோஸுக்கு நெருங்கிய உறவான ஒரு சர்க்கரை ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்த பொருள். மரத்துக்கும் வைக்கோலுக்கும் உடம்பைக் கொடுக்கும் செல்லுலோஸும் சர்க்கரைச் சங்கிலிதான். இரண்டுக்கும் வித்தியாசம் சின்னது: கைட்டினில் ஒவ்வொரு சர்க்கரையிலும் நைட்ரஜனோடு ஒட்டிய ஓர் அசிட்டைல் துண்டு தொங்கும், செல்லுலோஸில் அந்த இடத்தில் வெறும் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும். மனித உடம்பு கைட்டினைச் செய்வதே இல்லை. ஆனால் அதை வெட்டும் நொதிகள் நம்மிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று, ரத்தத்திலும் திசுக்களிலும் குப்பை விழுங்கித் திரியும் மேக்ரோஃபேஜ் செல்கள் சுரக்கும் கைட்டோட்ரையோசிடேஸ். இன்னொன்று இரைப்பையிலும் நுரையீரலிலும் இருப்பது, அமிலத்திலும் தாக்குப்பிடிப்பது, 2001இல்தான் கண்டுபிடித்தார்கள். உங்கள் மகளின் ரிப்போர்ட்டில் பூஜ்யம் வந்தது முதலாவது மட்டும். இரண்டாவது வேறு ஜீனிலிருந்து வருவது, அதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வார்த்தையும் இல்லை.

இந்த நொதிகள் எதை வெட்டும், எதை வெட்டாது என்பதுதான் உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில், அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். பொதுவாக ஒரு நொதி தன் சொந்த அமினோ அமிலங்களை வைத்தே சங்கிலியை அறுக்கும். கைட்டினேஸ் என்று சொல்லப்படும் இந்தக் கைட்டின் வெட்டும் நொதிகள் அப்படியில்லை. வெட்ட வேண்டிய சர்க்கரையில் தொங்குகிறதே அசிட்டைல் துண்டு, அதையே வளைத்துக்கொண்டுவந்து வெட்டுகிற வேலையில் பங்கெடுக்க வைக்கின்றன. நொதியின் பக்கத்திலிருந்து ஒரு குளுட்டாமிக் அமிலம், சர்க்கரையின் பக்கத்திலிருந்து அந்த அசிட்டைல், இரண்டும் சேர்ந்தால்தான் இணைப்பு அறும். அசிட்டைல் இல்லாத சங்கிலி நொதியின் வெட்டும் குழிக்குள் வந்து உட்கார்ந்தாலும் ஒன்றும் நடக்காது. செல்லுலோஸை இவை தொடாததற்குக் காரணம் இதுதான். கோஷே நோயில் தேங்குகிற பொருளையும் இவை தொடாது. அது ஒரு கொழுப்பின் தலையில் ஒற்றைக் குளுக்கோஸ் ஒட்டியிருக்கும் பொருள், அதில் சங்கிலியும் கிடையாது, அசிட்டைல் துண்டு தொங்கும் சர்க்கரையும் கிடையாது. ஆக, மகளிடம் இந்த நொதி இல்லாததால்தான் மண்ணீரல் வீங்கியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கும் இதற்கும் அப்படி ஒரு நேர்த்தொடர்பு இல்லை.

அப்படியானால் சம்பந்தமே இல்லாத நோய்க்கு இந்த டெஸ்ட்டை எதற்கு எழுதினார்கள்? 1994இல் ஆம்ஸ்டர்டாமில் கோஷே நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தவர்கள் எதிர்பாராமல் கண்டது: சாதாரண ஆட்களைப்போல 600 மடங்கு அளவுக்கு இந்த நொதி அவர்களிடம் ஏறியிருந்தது. கோஷேயில் குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற வேறொரு நொதி குறைகிறது. பழைய ரத்த அணுக்களை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களால் அவற்றின் சவ்வுக் கொழுப்பைச் செரிக்க முடியாமல் போகிறது, அது உள்ளேயே தேங்குகிறது. கொழுப்பு அடைத்த அந்தச் செல்கள்தான் மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை எல்லாவற்றிலும் குவிகின்றன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கசக்கிப் போட்ட காகிதம் மாதிரிச் சுருக்கம் சுருக்கமாகத் தெரியும். அந்தச் செல்கள் கைட்டோட்ரையோசிடேஸை அள்ளிக் கொட்டுகின்றன. அவற்றுக்குக் கைட்டினைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை, சுரக்கின்றன, அவ்வளவுதான். அதனால் நோய் எவ்வளவு இருக்கிறது, சிகிச்சையில் குறைகிறதா என்று பார்க்க இது நல்ல அளவுகோல். சார்காய்டோசிஸ், நீமன்-பிக் போன்ற நோய்களிலும் ஏறும், கோஷே அளவுக்கு ஏறாது.

இப்போது டெஸ்ட்டுக்கு வருவோம். சில மைக்ரோலிட்டர் பிளாஸ்மா போதும். மூன்று கைட்டின் சர்க்கரைகளைக் கோத்து நுனியில் ஒரு சாயத்தை மாட்டிய செயற்கைப் பொருளை அதில் சேர்த்து, லேசான அமிலத்தில், 37 டிகிரியில் வைப்போம். சாயம் ஒட்டியிருக்கும்வரை ஒளிராது. நொதி அந்த இணைப்பை வெட்டினால் சாயம் விடுபடும், காரத்தைச் சேர்த்து நிறுத்திவிட்டுப் புற ஊதா ஒளியில் பார்த்தால் நீலமாக ஒளிரும். கோஷே நோயாளியின் ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்யாமல் வைத்தால் கருவி அளக்க முடியாத அளவுக்கு அடிக்கும், பல மடங்கு நீர்த்துத்தான் அளக்க வேண்டியிருக்கும். சாதாரண ஆளுக்கு மெல்லிய நீலம். உங்கள் மகளின் மாதிரியில் ஒன்றுமே ஒளிரவில்லை. "குறைவு" வேறு, "இல்லவே இல்லை" வேறு. கோஷே இல்லாத ஆரோக்கியமான பிள்ளைக்கும் பொதுவாகக் கொஞ்சமாவது இருக்கும். அதனால் சுத்தமான பூஜ்யம் வந்தால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்வதற்கு முன், இந்த ஆளிடம் இந்த நொதியைச் செய்யும் ஜீன் வேலை செய்கிறதா என்றுதான் கேட்க வேண்டும்.

அந்த ஜீனில் 24 எழுத்துகள் இரண்டு முறை எழுதப்பட்டுவிடுகிற ஒரு பிழை உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. 1998இல் கண்டுபிடித்தார்கள். அதனால் நொதியின் நடுவில் 29 அமினோ அமிலங்கள் விடுபட்டுப்போய், வேலைக்கு உதவாத புரதம்தான் உருவாகும். அப்பாவிடமிருந்து ஒன்று அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் இப்படி வந்தால் நொதி பூஜ்யம், ஒன்று மட்டும் வந்தால் பாதி. ஐரோப்பியர்களில் நூற்றுக்கு ஆறு பேர் அளவுக்கு இப்படிப் பூஜ்யமாக இருக்கிறார்கள். சீனர்களிடம் இது இன்னும் மிக அதிகம், மேற்கு ஆப்பிரிக்காவில் மிக அரிது. நம் தென்னிந்தியாவிலும் இந்தப் பிழையைச் சுமப்பவர்கள் தாராளமாக இருக்கிறார்கள். இவர்கள் யாரும் ஆஸ்பத்திரியே கதி என்று கிடப்பவர்கள் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இது தங்களிடம் இருப்பதே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வந்திருக்காது.

ஆபத்து எங்கே என்றால், இந்தப் பூஜ்ய ஆட்களுக்கும் கோஷே வரலாம். வந்தால் மேக்ரோஃபேஜ் எவ்வளவு வீங்கினாலும் இந்த டெஸ்ட் பூஜ்யமே காட்டும். மீட்டர் ஓடாத வீட்டுக்குக் கரண்ட் பில் பூஜ்யம் வந்தால் அந்த வீட்டில் விளக்கே எரியவில்லை என்று அர்த்தமாகுமா? அதே கதைதான். லேப் தம்பியைத் திட்டாதீர்கள், ரிப்போர்ட்டில் "சாதாரண அளவு" என்று போட்டிருக்கும் எல்லைக்குக் கீழே எண் இருந்தால் நல்லது என்று படிக்கத்தான் அவருக்குப் பழக்கம். ஆனால் இந்த மாதிரி ரிப்போர்ட்டின் அடியில் "பூஜ்யமாக இருப்பதால் இந்தப் பரிசோதனை இவருக்குப் பயன்படாது" என்று ஒரு வரி எழுத வேண்டியது லேப்பின் பொறுப்பு. அதை எழுதாமல் வெறும் எண்ணை அச்சடித்துக் கொடுப்பது எனக்கு எரிச்சலான விஷயம்.

இதில் உங்கள் கல்யாணத்தையும் பேச வேண்டியிருக்கிறது. குறை சொல்வதற்காக இல்லை, நம் பக்கத்தில் தாய்மாமனைக் கட்டிக்கொண்ட வீடு எத்தனை என்று உங்களுக்கே தெரியும். உங்கள் தாத்தா பாட்டிதான் உங்கள் கணவருக்கு அப்பா அம்மா. அவர்களிடம் இருந்த ஒரே ஜீன் பிரதி உங்கள் வழியாகவும் அவர் வழியாகவும் இறங்கி பிள்ளையிடம் ஜோடியாகச் சேரும் வாய்ப்பு, எந்த ஜீனை எடுத்தாலும், எட்டில் ஒன்று. அத்தை பிள்ளை மாமன் பிள்ளை கல்யாணத்தில் அது பதினாறில் ஒன்று. கைட்டோட்ரையோசிடேஸ் பூஜ்யம் ஆனதற்கும் இது காரணமாக இருக்கலாம், கோஷே வரவும் இதே வழிதான். அதாவது இந்த டெஸ்ட் பொய்த்துப்போக எந்தக் காரணம் இருக்கிறதோ அதே காரணம்தான் நோய் இருக்கிறதா என்று தேட வேண்டிய அவசியத்தையும் கூட்டுகிறது. பெரிய மண்ணீரல், குறைந்த பிளேட்லெட், ரத்தச்சோகை, கால் எலும்பில் வலி, சொந்தத்தில் கல்யாணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நான் உங்கள் டாக்டராக இருந்தால் கோஷேயைப் பட்டியலிலிருந்து எடுக்க மாட்டேன்.

பட்டியலில் வேறு பெயர்களும் இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கோஷே என்றே முடிவு கட்டிவிடக் கூடாது. நம் பிள்ளைகளுக்கு மண்ணீரல் பெருக்க ஒரு முக்கியமான காரணம் கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாய் அடைத்துப்போவது, அதற்கு டாப்ளர் ஸ்கேன். தலசீமியா போன்ற ஹீமோகுளோபின் கோளாறுகளுக்கு எச்பிஎல்சி டெஸ்ட். ரத்தப் புற்றுநோயை ஒதுக்க அனுபவமுள்ளவர் ஒருவர் ரத்தப் படலத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். இவையெல்லாம் ஏற்கெனவே எடுத்திருந்தால் நல்லது, இல்லையென்றால் கேளுங்கள்.

கோஷேக்கு நேரடியான பரிசோதனை, அந்தக் குறைபடுகிற நொதியையே அளப்பது. வெள்ளை அணுக்களில் குளுக்கோசெரிப்ரோசிடேஸ் அளவு, பீட்டா குளுக்கோசிடேஸ் என்றும் எழுதுவார்கள். அது குறைவாக வந்தால் ஜீன் பரிசோதனை. கூடவே லைசோ-ஜிபி1 என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, தேங்குகிற கொழுப்பின் ஒரு வடிவத்தையே நேராக அளப்பது. கைட்டோட்ரையோசிடேஸ் பூஜ்யமான ஆட்களுக்கு அதன் இடத்தில் வைக்க இதைவிட நல்லது இல்லை. ரத்தம் எடுக்கிற விஷயத்தில் மலையிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: வெள்ளை அணுக்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும். மாதிரியை ஃப்ரீசரில் வைத்து உறையவிட்டால் தீர்ந்தது. ஓரிரு நாளில் வெளியூர் லேப்புக்குப் போய்ச் சேரும்படி, வாரத்தின் முதல் பாதியில் கொடுங்கள். சனிக்கிழமை கொடுத்தால் ஞாயிறு முழுக்க எங்காவது கூரியர் மூட்டையில் கிடக்கும், வருகிற எண்ணை நம்ப முடியாது. அப்படி அனுப்ப வழியில்லையென்றால் வடிகட்டித்தாளில் ரத்தப் பொட்டு வைத்து அனுப்பும் முறையும் உண்டு, முதல் சல்லடைக்கு அது போதும். இதற்கு முன்னால் பிள்ளைக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், ஏற்றுவதற்கு முன்பே மாதிரியை எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் யாரோ கொடுத்த ரத்தத்தின் நொதியும் கலந்து அளவாகிவிடும்.

முடிவு வரும்வரை சில காரியங்கள். அந்தப் பெரிய மண்ணீரல் விலா எலும்புக்கு வெளியே இறங்கி நிற்கிறது, அதனால் கபடி, மரம் ஏறுவது, சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து வளைவில் வேகமாக இறங்குவது எதுவும் வேண்டாம். வயிற்றில் அடிபட்டால் நேராக ஆஸ்பத்திரிதான். கால் வலிக்கு ஆஸ்பிரினோ புரூஃபனோ கொடுக்காதீர்கள், பிளேட்லெட் குறைவாக இருக்கிறது, பாரசிட்டமால் போதும். ரத்தம் குறைச்சல் என்று யாராவது இரும்பு டானிக் எழுதினால் முதலில் உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள், கோஷேயில் அது பெரும்பாலும் ஏறியே இருக்கும். மண்ணீரலை எடுத்துவிடலாம் என்று யாராவது அவசரப்பட்டால் நொதி ரிசல்ட் வராமல் சம்மதிக்காதீர்கள்.

இனி சின்ன மாமா பக்கம். கைட்டினை வெட்டும் நொதி இல்லாவிட்டால் பூஞ்சை உள்ளே இறங்கும் என்று அவர் நினைத்தது இயல்பான யோசனைதான், ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். 2001இல் தென்னிந்தியாவில் யானைக்கால் நோய்ப் புழு பற்றிய ஓர் ஆய்வில், ரத்தத்தில் புழுக்குஞ்சு உள்ளவர்களிடம் இந்த 24 எழுத்துப் பிழை கூடுதலாக இருந்தது, புழுவின் உடலிலும் கைட்டின் இருப்பதால் காரணம் பொருத்தமாகவும் பட்டது. ஆனால் பாப்புவா நியூ கினியில் தேடியபோது அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. பூஞ்சை விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது, பூஞ்சையின் சுவரில் கைட்டின் அடியில் புதைந்திருக்கிறது, மேலே குளுக்கான், மன்னான் என்ற வேறு சர்க்கரைச் சங்கிலிகள் மூடியிருக்கின்றன. நம் நொதிகள் அவற்றை வெட்டாது. பூஞ்சையிடமிருந்து நம்மைக் காப்பது பெரும்பாலும் நியூட்ரோஃபில் போன்ற வெள்ளை அணுக்கள். அவை உங்கள் மகளிடம் சரியாக இருக்கின்றனவா என்பது வெள்ளை அணுக் கணக்கில் தெரியும், கைட்டோட்ரையோசிடேஸில் தெரியாது.

நெட்டில் கைட்டினேஸ் என்று தேடினால் ஆஸ்துமா, புற்றுநோய், மூட்டுவாதம் என்று பட்டியல் வந்து பயமுறுத்தியிருக்கும். அதில் பாதி ஒய்கேஎல்-40 என்ற புரதத்தைப் பற்றியது. பார்க்கக் கைட்டினேஸ் மாதிரியே இருக்கும், கைட்டினைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் வெட்டுவதற்கு வேண்டிய அந்தக் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் லூசின் இருக்கிறது, அதனால் ஒரு இணைப்பையும் அறுக்காது. அழற்சி உள்ள இடத்தில் ஏறும், அவ்வளவே. உங்கள் மகளின் ரிப்போர்ட்டோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மேலே இரண்டாவதாகச் சொன்ன நுரையீரல் நொதியின் கதை வேறு, அது சுவாரசியமானதும்கூட: 2004இல் எலிகளில் செய்த ஆய்வு, ஆஸ்துமாவில் இது ஏறுகிறது, இதைத் தடுத்தால் அழற்சி குறைகிறது என்றது. 2017இல் வந்த இன்னொரு எலி ஆய்வில் இந்த நொதியே இல்லாத எலிகளின் மூச்சுக்குழாயில் கைட்டின் துணுக்குகள் தேங்கி, வயதாக ஆக நுரையீரலில் தழும்பு விழுந்தது. ஒரே நொதி, ஒரு சூழலில் குற்றவாளி மாதிரித் தெரிகிறது, இன்னொன்றில் துப்புரவுப் பணியாளர். எலியில் பார்த்ததை வைத்து உங்கள் வீட்டு ஷெட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை, யாரும் சொல்லக் கூடாது.

மாத்திரை: கைட்டோசான் என்பது கைட்டினிலிருந்து அசிட்டைலைப் பெரும்பாலும் நீக்கிய பொருள். மேலே சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள், நம் நொதிகளுக்குத் தேவையானதே அந்த அசிட்டைல்தான், அதை எடுத்துவிட்டு எஞ்சியதை "கைட்டினேஸுக்கு ஆதரவு" என்று விற்கிறார்கள். அது நொதியும் இல்லை, நொதியை உண்டாக்குவதும் இல்லை. நொதியையே மாத்திரையாகக் கொடுத்தாலும் வயிற்றில் அது புரதமாகச் செரித்துப்போகும், ரத்தத்துக்குள் நொதியாகப் போய்ச் சேராது. அந்தப் பணத்தை லைசோ-ஜிபி1 டெஸ்ட்டுக்கு வையுங்கள்.

சாப்பாட்டில் காளானும் இறாலும் தாராளமாகக் கொடுக்கலாம். கைட்டினைச் செரிக்காவிட்டால் அது நார்ச்சத்தாகக் கீழே போகிறது, கீரைத்தண்டின் செல்லுலோஸ் போவதைப்போல. இறால் அலர்ஜி என்று ஒன்று இருக்கிறதே, அது பெரும்பாலும் ட்ரோப்போமையோசின் என்ற தசைப் புரதத்தால் வருவது, ஓட்டுக் கைட்டினால் இல்லை. உங்கள் மகள் இதுவரை தின்று தடிப்போ மூச்சுத்திணறலோ வரவில்லையென்றால் இந்த ரிப்போர்ட் எதையும் மாற்றவில்லை. காளானை நன்றாக வேகவைத்தே கொடுங்கள், அது எந்தப் பிள்ளைக்கும் பொருந்துகிற விஷயம்.

ஒருவேளை கோஷே என்றே உறுதியானால், இது மருந்து உள்ள நோய். 1991 முதல் குறைபடும் நொதியையே நரம்பில் ஏற்றும் சிகிச்சை இருக்கிறது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க. மண்ணீரல் சுருங்கும், ரத்த எண்ணிக்கை ஏறும், எலும்பு வலி குறையும். மூளையைப் பாதிக்கும் வகையும் உண்டு, அதில் இந்த மருந்து மூளைக்குள் போகாது. அதனால் பிள்ளை கண்ணைப் பக்கவாட்டில் சட்டென்று திருப்ப முடிகிறதா, தலையை ஆட்டித்தான் திருப்புகிறதா என்று டாக்டர் பார்ப்பார், நீங்களும் கவனித்துச் சொல்லுங்கள். விலை மிக மிக அதிகம், சொந்தக் காசில் யாராலும் முடியாது. மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் கோஷே சேர்ந்திருக்கிறது, ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை உதவி என்று 2022இல் உயர்த்தினார்கள், அது குறிப்பிட்ட சில மையங்கள் வழியாகத்தான் கிடைக்கும், சென்னை எழும்பூர் அரசுக் குழந்தைகள் மருத்துவமனை அவற்றில் ஒன்று. வாழ்நாள் சிகிச்சைக்கு அந்தத் தொகை போதாது என்பதையும் தெரிந்தே போய் நில்லுங்கள். பேப்பர் வேலை நிறைய இருக்கும், ஆதாரில் பெயர் எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். சிகிச்சை தொடங்கிய பிறகும் யாராவது கைட்டோட்ரையோசிடேஸ் எழுதினால், "எங்களுக்கு அது எப்போதும் பூஜ்யம்" என்று சொல்லிவிடுங்கள், காசு மிச்சம். மகளுக்கு உறுதியானால் மகனுக்கும் அதே ஜீனைப் பார்க்க வேண்டும், அவனுக்கு வாய்ப்பு நான்கில் ஒன்று. அடுத்த பிள்ளை யோசனை இருந்தாலும் அதே நான்கில் ஒன்றுதான், அதற்கு முன் மரபணு ஆலோசனைக்கு ஒருமுறை போங்கள்.

கடைசியாக நீங்கள் போகிறபோக்கில் எழுதிய உங்கள் கணவர் விஷயம், எனக்கு அதுதான் கடிதத்தில் உறுத்தியது. ஷெட்டில் வேலை பார்த்த சில மணி நேரத்துக்குப் பிறகு குளிர் காய்ச்சல், வறட்டு இருமல், வேலைக்குப் போகாத நாட்களில் சரியாகிவிடுவது, இது சிப்பிக் காளான் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு நுரையீரல் ஒவ்வாமை. காளான் உதிர்க்கும் நுண்வித்துகளை மூச்சில் இழுத்து இழுத்து உடம்பு அவற்றுக்கு எதிராகக் கிளம்புகிறது. அவரிடம் கைட்டினேஸ் இருக்கிறதா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதை ஃப்ளூ என்றோ நிமோனியா என்றோ, நம் ஊரில் டிபி என்றோ நினைத்து மருந்து கொடுப்பதும் நடக்கிறது. வருஷக்கணக்கில் விட்டால் நுரையீரலில் நிரந்தரத் தழும்பு விழும். காளானின் விளிம்பு விரிந்து மெலிந்து வித்து உதிர்க்கத் தொடங்குவதற்கு முன்பே பறித்துவிடுங்கள். பறிப்பதற்கு முன் ஷெட்டைத் திறந்து காற்றாட விடுங்கள், தண்ணீர் தெளித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முகத்தில் துண்டு கட்டுவது போதாது, என்95 மாஸ்க் வேண்டும். ஷெட்டுக்குள் போன சட்டையை வெளியிலேயே மாற்றிவிட்டு வீட்டுக்குள் வரச் சொல்லுங்கள். பிள்ளைகள் இருவரையும் பறிப்பு நேரத்தில் உள்ளே விடாதீர்கள், அது எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். மாஸ்க்கோடும் காய்ச்சல் வந்தால் அவர் அந்த வேலையை வேறு ஆளிடம் கொடுக்கத்தான் வேண்டும், அப்போது ஷெட் இருக்கும், அவர் உள்ளே போக மாட்டார். மகளுக்கு ரத்தம் கொடுக்க நீங்கள் கீழே இறங்குகிற அதே நாளில் அவரையும் ஒரு நெஞ்சக நோய் டாக்டரிடம் காட்டி, மூச்சு ஊதும் டெஸ்ட்டும் நெஞ்சு சிடி ஸ்கேனும் தேவையா என்று கேட்டுவிடுங்கள், காளான் வளர்க்கிறோம் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.